கல்லறைத் திருநாள்: கிறித்தவர்களின் மறுவாழ்வு நம்பிக்கையும் துக்கமும்

இறந்தவர்கள் உயிர்பெற்று இறைவனோடு என்றும் வாழ்வார்கள் என்பது கிறித்தவ சமயத்தின் அடிப்படை நம்பிக்கைகளுள் ஒன்றாகும். இந்த நம்பிக்கை வெளிப்படையாகத் தெரியும் நாள் நவம்பர் 2. கத்தோலிக்கத் திருச்சபை இந்நாளை இறந்த நம்பிக்கையாளர் அனைவரின் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கிறது. மக்கள் வழக்கில் இது ‘கல்லறைத் திருநாள்’ எனப்படுகிறது.

தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கில் அனுமந்தன்பட்டி, இராயப்பன்பட்டி முதலிய ஊர்களில் கத்தோலிக்கர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். இப்பகுதி மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. கல்லறைத் திருநாளுக்கு முன்பே குடும்பத்தினர் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று, புல்லைச் செதுக்கி, கல்லறைகளுக்கு வெள்ளையடிப்பார்கள். திருநாளன்று பூமாலை சாத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, செபம் சொல்வார்கள். அருட்பணியாளர் திருப்பலி நிறைவேற்றி, கல்லறைகள்மீது தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். வெளியூர்களில் வேலை பார்ப்பவர்களும் இந்த நாளுக்காக ஊருக்கு வருவதுண்டு.

பெயர் திருநாளாக இருந்தாலும் அன்று கல்லறைத் தோட்டத்தில் அழுகுரலும் கேட்கும். இதைப் பார்க்கும் மாணவர் ஒருவருக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும். இறந்தவர் இறைவனிடம் இருக்கிறார் என்று நம்புகிறவர்கள் ஏன் அழுகிறார்கள்? அழுகிறார்கள் என்றால் அந்த நம்பிக்கையால் என்ன பயன்? இக்கேள்விக்குக் கிறித்தவ மரபு தரும் விடையை இக்கட்டுரை விளக்குகிறது.

சொற்களில் உள்ள நம்பிக்கை

தமிழ்க் கிறித்தவர்கள் இறப்பைக் குறிக்கப் பயன்படுத்தும் சொற்களிலேயே இந்த நம்பிக்கை பதிந்திருக்கிறது. சீர்திருத்தத் திருச்சபையினர் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று இறப்புச் செய்தியை அறிவிப்பார்கள். நித்திரை என்றால் விழிப்பும் உண்டு என்பது இதன் உட்பொருள். ஆங்கிலத்தில் கல்லறைத் தோட்டத்தைக் குறிக்கும் ‘செமெட்ரி’ என்ற சொல்லும் ‘உறங்கும் இடம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததாகும்.

கத்தோலிக்கர் இறந்தவர்களுக்காக ‘நித்திய இளைப்பாற்றி’ வேண்டிச் செபிக்கின்றனர். நாளெல்லாம் உழைத்தவர் களைப்பாறுவதைப் போன்றது இறப்பு என்ற கருத்து இதில் உள்ளது. நினைவு அட்டைகளில் பிறந்த நாளை ‘மண்ணில்’ என்றும் இறந்த நாளை ‘விண்ணில்’ என்றும் அச்சிடுவதும் உண்டு. தொடக்கக் காலத் திருச்சபை மறைச்சாட்சிகள் இறந்த நாளையே அவர்களது பிறந்த நாள் என்று அழைத்தது. புனிதர்கள் பலரின் திருநாள் அவர்கள் இறந்த நாளில் அமைந்திருப்பதற்கும் இதுவே காரணம்.

நம்பிக்கையின் அடிப்படை

உடல் அழியும், ஆன்மா அழியாது என்ற கருத்து பல சமயங்களிலும் கிரேக்க மெய்யியலிலும் உண்டு. கிறித்தவ நம்பிக்கை ஆன்மாவோடு நின்றுவிடுவதில்லை. மனிதர் முழுமையாக, உடலோடு, உயிர்த்தெழுவார் என்று அது கூறுகிறது. இயேசு சிலுவையில் இறந்து மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்தார் என்பதே இதன் அடிப்படை. இயேசுவின் காலத்து யூதர்களிடையே இதில் கருத்து வேறுபாடு இருந்தது. பரிசேயர் உயிர்த்தெழுதலை ஏற்றனர், சதுசேயர் மறுத்தனர்.

உயிர்த்தெழும் உடல் எப்படிப்பட்டதாக இருக்கும் என்ற கேள்வி தொடக்கக் காலத்திலேயே எழுந்தது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15ஆம் அதிகாரத்தில் திருத்தூதர் பவுல் இதற்கு விதையை உவமையாக்குகிறார். முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் இந்த உவமையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. நாற்றங்காலில் தூவிய விதைநெல்லைத் திரும்ப எடுக்க முடியாது. முளைத்து வரும் பயிர் விதையைப் போலத் தோற்றமளிப்பதும் இல்லை. ஆனாலும் அந்த விதையின் உயிர்தான் அந்தப் பயிர். இறந்த உடலுக்கும் உயிர்த்த உடலுக்கும் உள்ள தொடர்பு இத்தகையது என்பது பவுலின் விளக்கம்.

இதனால் உடல் கழற்றி எறியப்படும் சட்டையாகக் கருதப்படவில்லை. உடலைக் குளிப்பாட்டி, நல்ல உடை உடுத்தி, ஆலயத்துக்குக் கொண்டுசென்று, மரியாதையுடன் அடக்கம் செய்வதற்கு இதுவே காரணம். குழியில் ஒவ்வொருவரும் இடும் பிடி மண் பிரியாவிடையாகவும் விதைப்பாகவும் கருதப்படுகிறது.

அழுவது நம்பிக்கையின்மையா?

நம்பிக்கை உள்ளவர் அழக்கூடாது என்று சிலர் எண்ணுகின்றனர். விவிலியம் அவ்வாறு கூறவில்லை.

யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரம் பெத்தானியா ஊரைச் சேர்ந்த இலாசரின் இறப்பைக் கூறுகிறது. இயேசு வந்து சேரும்போது இலாசர் கல்லறையில் வைக்கப்பட்டு நான்கு நாள்கள் ஆகியிருந்தன. நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்கமாட்டானே என்று மார்த்தாவும் மரியாவும் தனித்தனியே முறையிடுகின்றனர். இயேசு அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. சற்று நேரத்தில் இலாசரை எழுப்பப்போவதை அறிந்திருந்தும் அவர் கண்ணீர் சிந்தினார். அந்தக் கண்ணீரைக் கூறும் 35ஆம் வசனம் விவிலியத்தின் மிகச் சிறிய வசனங்களுள் ஒன்றாகும்.

ஏறத்தாழ கி.பி. 50ஆம் ஆண்டையொட்டி, தெசலோனிக்கா நகரத்துக் கிறித்தவர்களுக்குப் பவுல் திருமுகம் எழுதினார். கிறித்து மீண்டும் வருவதற்கு முன்பே தங்கள் உறவினர் சிலர் இறந்துவிட்டார்களே என்று அவர்கள் கலங்கினர். எதிர்நோக்கு இல்லாதவர்கள் துயரப்படுவதுபோல் நீங்கள் துயரப்பட வேண்டாம் என்பது பவுல் தந்த அறிவுரையின் சாரம். இதைத் துயரத்தையே விலக்கும் கட்டளையாகக் கொள்வது தவறு. இனிப் பார்க்கவே முடியாது என்று அழுவதற்கும், மறுபடி பார்க்கும்வரை பிரிந்திருக்க வேண்டுமே என்று அழுவதற்கும் உள்ள வேறுபாட்டையே அவர் சுட்டுகிறார்.

புனித அகுஸ்தினாரின் வாழ்க்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவருடைய தாய் மோனிக்கா 387ஆம் ஆண்டு இத்தாலியின் ஓஸ்தியா துறைமுக நகரில் இறந்தார். நம்பிக்கையோடு இறந்தவருக்காக அழுவது தகாது என்று எண்ணிய அகுஸ்தினார் கண்ணீரை அடக்கிக்கொண்டார், அடக்கத்தின்போதும் அழவில்லை. பின்னர் தனிமையில் தாயை நினைத்து மனம்விட்டு அழுதார். ‘ஒப்புகைகள்’ என்னும் நூலின் ஒன்பதாம் பகுதியில் இதை அவரே எழுதியிருக்கிறார். திருச்சபையின் மாபெரும் இறையியலாளர் ஒருவருக்கும் தாயின் இறப்பு வலித்தது. அதை மறைக்க வேண்டும் என்று பிற்காலத்தில் அவர் கருதவில்லை.

திருநாளின் வரலாறு

இறந்தோருக்காகச் செபிக்கும் வழக்கம் மிகப் பழமையானது. போரில் இறந்த வீரர்களுக்காக யூதா மக்கபே பாவப்பரிகாரப் பலி ஒப்புக்கொடுக்க ஏற்பாடு செய்ததை மக்கபேயர் இரண்டாம் நூல் கூறுகிறது. நவம்பர் 2ஐ இதற்கெனத் தனி நாளாக்கியவர் பிரான்சு நாட்டின் குளூனி மடத்தின் தலைவர் ஓடிலோ. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் தொடங்கிய வழக்கம் படிப்படியாக மேலைத் திருச்சபை முழுவதும் பரவியது. முதல் உலகப்போரில் இளைஞர்கள் இலட்சக்கணக்கில் மடிந்துகொண்டிருந்த 1915ஆம் ஆண்டில், ஒவ்வொரு அருட்பணியாளரும் இந்நாளில் மூன்று திருப்பலிகள் நிறைவேற்றலாம் என்று திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் அனுமதி அளித்தார்.

இறந்தோருக்காகச் செபிப்பதில் கிறித்தவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இறைவனைக் காண்பதற்கு முன் சிலருக்குத் தூய்மை பெறும் நிலை தேவைப்படுகிறது என்றும், உயிரோடிருப்போரின் செபம் அவர்களுக்கு உதவும் என்றும் கத்தோலிக்கர் நம்புகின்றனர். இந்நிலையைப் பழைய செபநூல்கள் ‘உத்தரிக்கிற ஸ்தலம்’ என்று குறிப்பிடுகின்றன. ஏழாம் நாள், முப்பதாம் நாள், ஆண்டு நினைவு ஆகியவற்றுக்குத் திருப்பலி ஒப்புக்கொடுப்பது இந்த நம்பிக்கையால்தான்.

16ஆம் நூற்றாண்டில் தோன்றிய சீர்திருத்தத் திருச்சபைகள் இதை ஏற்கவில்லை. மக்கபேயர் நூல்களையும் அவை திருமறை நூல்களின் வரிசையில் சேர்ப்பதில்லை. அடக்க ஆராதனையிலும் நினைவு ஆராதனையிலும் இறந்தவரின் வாழ்வுக்காக இறைவனுக்கு நன்றி கூறி, துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு ஆறுதல் வேண்டுவது அவர்கள் வழக்கம். ஆயினும் தமிழ்நாட்டில் சீர்திருத்தத் திருச்சபையினர் பலரும் கல்லறைத் திருநாளில் பூவும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு கல்லறைகளுக்குச் செல்கின்றனர்.

அடக்கம் செய்ய இயலாதபோது

உடல் கிடைக்காவிட்டால் அல்லது முறையான அடக்கம் மறுக்கப்பட்டால் என்ன செய்வது? தமிழ்நாடு அண்மைக் காலத்தில் இக்கேள்வியை இருமுறை எதிர்கொண்டது.

2004 டிசம்பர் 26 அன்று, கிறித்துமசுக்கு மறுநாள், ஆழிப்பேரலை தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர்வரை உயிரிழந்தனர். வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளும் அவர்களுள் அடங்குவர். அடையாளம் தெரியாத உடல்கள் பெருங்குழிகளில் ஒன்றாகப் புதைக்கப்பட்டன. கடல் கொண்டுபோன பலர் கரை சேரவே இல்லை.

2020 ஏப்ரல் மாதம் சென்னையில் கொரோனா தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிசின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் எதிர்த்தது, ஆம்புலன்சும் தாக்கப்பட்டது. குடும்பத்தினர் அருகில் இருக்க முடியாத நிலையில், சக மருத்துவர் ஒருவர் சில ஊழியர்களின் உதவியுடன் இரவோடிரவாக அவரை வேலங்காட்டில் புதைத்தார். கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்று அவருடைய மனைவி பொதுவெளியில் வேண்டுகோள் விடுத்தார். அம்மாத இறுதியில், இத்தகைய அடக்கங்களைத் தடுப்போருக்கு மூன்று ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கும் அவசரச் சட்டத்தைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது.

இந்தக் கேள்விக்கும் அகுஸ்தினார் பதில் எழுதியுள்ளார். 410ஆம் ஆண்டு உரோமை நகரம் சூறையாடப்பட்டபோது பலருடைய உடல்கள் அடக்கம் செய்யப்படாமல் கிடந்தன. அடக்கம் இல்லாததால் இறந்தவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை, படைத்தவருக்கு அவர்களை எங்கிருந்தும் எழுப்பத் தெரியும் என்பது ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலில் அவர் தரும் விளக்கம். அடக்கச் சடங்கு பெரிதும் உயிரோடிருப்பவர்களின் ஆறுதலுக்கானது என்றும் அவர் கூறுகிறார். அதே நேரத்தில், உடலை அலட்சியப்படுத்தலாகாது என்பதையும் வலியுறுத்துகிறார். கடலில் காணாமற்போன மகனுக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் தாய்க்கு இதன் முதற்பகுதி ஆறுதல். கணவரை முறையாக அடக்கம் செய்ய வேண்டும் என்று கேட்கும் மனைவியின் பக்கம் அதன் பிற்பகுதி நிற்கிறது.

தகனம் செய்வதைக் கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் அனுமதித்ததும் இந்த அடிப்படையில்தான். சாம்பலைத் தூவிவிடாமல் புனிதமான ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்று 2016இல் வெளியான அறிவுரை கூறுகிறது. இறந்தவரைத் தேடிச்சென்று நினைவுகூர ஓர் இடம் வேண்டும் என்பது அதற்கான காரணங்களுள் ஒன்று.

உயிர்ப்பு ஞாயிறன்று நேர்ந்த இழப்பு

இந்த நம்பிக்கைக்கு நேர்ந்த கடும் சோதனை ஒன்று இலங்கையில் நிகழ்ந்தது. 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா நாள். கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகியவற்றிலும் சில தங்கும் விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுத் தாக்குதல்கள் நடந்தன. 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மட்டக்களப்பில் இறந்தவர்களுள் ஞாயிறு பள்ளிக்கு வந்த தமிழ்ச் சிறுவர்களும் இருந்தனர்.

அந்தக் குடும்பங்களுக்கு உயிர்ப்பு ஞாயிறு இனிப் பிள்ளைகளின் நினைவு நாளும் ஆகும். ஏன் இப்படி நடந்தது என்ற கேள்விக்கு மறுவாழ்வு நம்பிக்கை விடை சொல்வதில்லை. குற்றவாளிகளைத் தண்டிக்க வேண்டும், உண்மை வெளிவர வேண்டும் என்ற கோரிக்கையை அது கைவிடச் சொல்வதும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் கதை அந்தக் காலையோடு முடிந்துவிடவில்லை என்பது மட்டுமே அது சொல்வது.

துக்க வீட்டில்

கிறித்தவரல்லாத மாணவர்களும் கிறித்தவ நண்பரின் துக்க வீட்டுக்குச் செல்ல நேரிடும். ‘எல்லாம் ஆண்டவர் சித்தம்’, ‘மோட்சத்துக்குப் போனவருக்காக அழலாமா’ என்று அங்கே சிலர் சொல்வதைக் கேட்கலாம். நல்லெண்ணத்தில் சொல்லப்பட்டாலும் இச்சொற்கள் அழுகிறவரின் வாயை அடைத்துவிடக்கூடும். நம்பிக்கை குறைந்துவிட்டதோ என்ற குற்றவுணர்வையும் துக்கத்தோடு சேர்த்துவிடும்.

இலாசரின் வீட்டில் நடந்ததே இதற்கு வழிகாட்டி. அங்கே ஆறுதல் சொல்ல வந்தவர்கள் சகோதரிகளோடு அமர்ந்திருந்தார்கள். கல்லறைவரை கூடவே நடந்தார்கள். நம் ஊர்களிலும் செபமாலை சொல்ல வரும் அண்டைவீட்டார், சாப்பாடு கொண்டுவரும் உறவினர், முப்பதாம் நாள் திருப்பலிக்கு மறவாமல் வரும் நண்பர் ஆகியோர் செய்வதும் இதுவே. இழப்பு நேர்ந்த முதல் வாரத்தில் வீடு நிறையக் கூட்டம் இருக்கும். ஆறு மாதம் கழித்து யாரும் பேச்செடுக்க மாட்டார்கள். நவம்பர் 2 அப்படிப்பட்ட வீட்டுக்கு உதவுகிறது. அன்று இறந்தவரின் பெயரைச் சொல்லிச் செபிக்கலாம், அவரைப் பற்றிப் பேசலாம், அழலாம். ஊரே அங்கு வந்திருப்பதால், அழுகிறவர் தனியாக இருப்பதில்லை.