தாத்தா ஏன் அந்தக் காலத்துக் கதையையே சொல்கிறார்?

"அப்போ வாடகை சைக்கிள் எடுத்துக்கிட்டு..." என்று தாத்தா ஆரம்பித்தாலே, "போன வாரமே சொல்லிட்டீங்களே!" என்று நம் கை செல்போனுக்குப் போய்விடுகிறது. அது வெறும் பழம்பெருமை இல்லை.

வயதானவர்களிடம் வாழ்க்கையில் நினைவிருப்பதைச் சொல்லச் சொன்னால், ஏறக்குறைய 10 முதல் 30 வயதுக்குள் நடந்ததையே அதிகம் சொல்கிறார்கள். உளவியலில் இதற்கு 'ரெமினிசென்ஸ் பம்ப்' என்று பெயர். முதல் சம்பளம், காதல், கல்யாணம், ஊரை விட்டுக் கிளம்பியது என எல்லாமே அந்த வயதில்தானே! முதன்முறை நடப்பது ஆழமாகப் பதியும். அப்புறம் வரும் ஒரே மாதிரியான ஆபீஸ் நாட்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

முதுமையில் இப்படித் திரும்பிப் பார்ப்பது இயல்பானதே என்று 1963-லேயே எழுதினார் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர்.

ஆனால், பழைய கதை துல்லியமாக வருகிறது என்பதற்காக 'ஞாபகசக்தி சூப்பர்' என்று இருந்துவிடக் கூடாது. அல்சைமர் நோயில் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது புதிய நினைவுகள்தான். காலையில் மாத்திரை போட்டதே மறந்துபோவது, சற்றுமுன் கேட்டதையே மறுபடி கேட்பது, பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்பது என்றெல்லாம் தொடர்ந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போய்விடுங்கள். எல்லா மறதியும் அல்சைமர் அல்ல. தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடுகளாலும் மறதி வரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.