திரையில் எழும் அலை

நெம்மேலிக்கு வரும் விருந்தினர் பலரும் கடலைக் கண்டதும் என்னிடம் கேட்பது, "சுனாமி எத்தனை பனைமர உயரம் வந்தது?" என்பதே. அவர்கள் மனத்தில் இருப்பது 2004 டிசம்பர் 26 அன்று ஊருக்குள் புகுந்த கடலன்று. திரையில் கண்ட கடல்.

கே.எஸ். ரவிகுமார் இயக்கி 2008 ஜூனில் வெளியான 'தசாவதாரம்' படத்தின் உச்சகட்டத்தில் அந்தச் சுனாமி வருகிறது. கமல்ஹாசனின் பத்து வேடங்களுக்கு அடுத்தபடியாகப் பேசப்பட்டது அந்தக் காட்சிதான். நடிகர்களைத் தனியே படமாக்கி, கணினியில் உருவாக்கிய நீரையும் நுரையையும் திவலையையும் அடுக்கடுக்காக அதன்மீது பொருத்துவது இத்தகைய காட்சிகளின் பொதுவான முறை. அலையின் உயரத்தை இயற்கை தீர்மானிப்பதில்லை, இயக்குநர் தீர்மானிக்கிறார்.

அவர் ஏன் உயரத்தையே தேர்ந்தெடுக்கிறார்? சில நொடிகளே ஓடும் முன்னோட்டத்தில் பார்வையாளரை ஈர்த்தாக வேண்டும். சுவர்போல் எழுந்து நிற்கும் அலை, சுவரொட்டியில்கூட உடனே புரியும். மெல்ல ஏறி, நிற்காமல் உள்ளே வந்துகொண்டே இருக்கும் நீர் அப்படிப் புரியாது.

அடுத்தது விளம்பரம். 2018-இல் வெளியான '2.0' படத்துக்கு ரூ.500 கோடிக்கு மேல் செலவு என்பதே முதன்மைச் செய்தியாக இருந்தது. கிராபிக்ஸ் பணிகளால் வெளியீடு தள்ளிப்போனதுகூடப் படத்தின் பிரம்மாண்டத்துக்குச் சான்றாகிவிட்டது. பிறகு 'மேக்கிங்' காணொலிகள் வரும். உழைப்பையும் செலவையும் காட்டும் அவை, காட்சி எந்த அளவுக்கு உண்மையானது என்பதைச் சொல்வதில்லை. செலவின் பெருமையையே உண்மைக்குச் சான்றாக நாம் எடுத்துக்கொள்கிறோம்.

உண்மையான சுனாமி வேறு விதம். ஆழ்கடலில் மணிக்கு 700 கி.மீ.க்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும்போது அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டாது; கப்பலில் இருப்பவர் உணரவும் மாட்டார். கரையை நெருங்கும்போதுதான் வேகம் குறைந்து நீர்மட்டம் உயரும். அன்று எங்களுக்குத் தெற்கே மாமல்லபுரத்தில் கடல் முதலில் உள்வாங்கியது. மூழ்கியிருந்த பாறைகள் வெளியே தெரிந்ததாகக் கண்டவர்கள் கூறினர். சுமத்ரா அருகே நிலம் அதிர்ந்து, நம் கரையை நீர் அடைய இரண்டு மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அந்த அவகாசம் பெரும்பாலோருக்கு எச்சரிக்கையாக மாறவில்லை. தமிழகத்தில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர்.

ஹைதராபாதில் 2007 அக்டோபர் முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. ஆனால், எச்சரிக்கை வந்தபின் வானளாவிய சுவரை எதிர்பார்த்துக் கரையில் நிற்பவரை எந்த மையம் காப்பாற்றும்? முழங்கால் அளவு வெள்ளமே ஓர் ஆளை இழுத்துச் செல்லப் போதும். கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கக் கூடாது. மேட்டுக்கு ஓட வேண்டும். உள்வாங்காமலே அலை வருவதும் உண்டு என்பதால், நிலநடுக்கத்தை உணர்ந்தாலும் எச்சரிக்கை கேட்டாலும் காத்திருக்கவும் கூடாது.

கற்பனைக்கு அணை போடும்படி நான் கேட்கவில்லை. திரையரங்குகளில் புகைபிடித்தலுக்கு எதிரான வாசகம் ஓடுகிறதே, அதுபோல் பேரிடரைக் காட்டும் படத்தின் 'மேக்கிங்' காணொலியில் உண்மை நிலையை ஒரு நிமிடம் சொல்லலாம். கோடிகளில் செலவாகும் விளம்பரத்தில் அதற்கு ஆகும் செலவு சொற்பம். பிழைக்கும் வழியைக் கடலோரக் குழந்தை ஒன்று அதிலிருந்து கற்றுக்கொண்டால், அதுவே அந்த அலையால் விளைந்த நன்மையாகும்.