சின்ன விமான நிறுவனங்கள் ஏன் நிலைப்பதில்லை?

'சூரரைப் போற்று' படம் பார்த்தவர்களுக்கு கேப்டன் ஜி.ஆர். கோபிநாத்தின் போராட்டம் தெரியும். படம் வெற்றியில் முடிகிறது. வரலாறு அங்கே முடியவில்லை. 2003இல் பறக்கத் தொடங்கிய அவருடைய ஏர் டெக்கான் 2007இல் கிங்ஃபிஷரின் கைக்குப் போனது; கிங்ஃபிஷரே 2012இல் நின்றுபோனது. மதுரையைச் சேர்ந்த தொழில் குடும்பம் சென்னையை மையமாக வைத்து 2005இல் தொடங்கிய பாரமவுண்ட் 2010இல் முடங்கியது. பெங்களூருவின் ஏர் பெகாசஸ் 2015 ஏப்ரலில் தொடங்கி மறு ஆண்டு ஜூலையில் நின்றது. விஜயவாடாவின் ஏர் கோஸ்டா 2017இல், ஹைதராபாத்தின் ட்ரூஜெட் 2022இல். இவர்களுக்கெல்லாம் தொழில் தெரியவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் முதலாளிகள் வேறு, ஊர்கள் வேறு, விமான வகைகளும் வேறு. அத்தனை பேரும் விழுந்திருக்கிறார்கள் என்றால், இந்தத் தொழிலின் கணக்கே சிறியவருக்கு எதிராகப் போடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

வழக்கமாக முதலில் சொல்லப்படும் காரணம் எரிபொருள் வரி. விமான எரிபொருள் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, மாநிலத்துக்கு மாநிலம் வரி மாறுகிறது, சில இடங்களில் 25 சதவீதத்தையும் தாண்டியிருக்கிறது. உண்மையான சுமைதான். ஆனாலும் 40 டன்னுக்குக் குறைந்த விமானங்களுக்கு இந்த வரியில் நெடுங்காலமாகவே சலுகை உண்டு. ஏர் பெகாசஸும் ட்ரூஜெட்டும் ஓட்டிய ஏ.டி.ஆர். விமானங்கள் அந்த வகைதான். அப்படியிருந்தும் அவை நிலைக்கவில்லை. பாரமவுண்ட், ஏர் பெகாசஸ், ஏர் கோஸ்டா மூன்றுமே முடங்கியது விமானத்தைக் குத்தகைக்குக் கொடுத்தவர்களோடு ஏற்பட்ட பிணக்கில் என்பதைக் கவனிக்க வேண்டும். டிக்கெட் காசு ரூபாயில் வருகிறது. விமான வாடகை, உதிரிபாகம், வெளிநாட்டில் செய்யும் என்ஜின் பழுதுபார்ப்பு எல்லாம் டாலரில் போகிறது. 2011இல் 45 ரூபாயை ஒட்டியிருந்த டாலர் 2013 ஆகஸ்டில் 68ஐத் தொட்டது. ஒரு பயணி கூடக் குறையாமலே வாடகைச் செலவு ஒன்றரை மடங்காவது இப்படித்தான். பெரிய நிறுவனம் நூற்றுக்கணக்கில் விமானம் கேட்கும்போது பேரம் பேச முடியும். மூன்று விமானம் கேட்பவருக்குச் சொன்ன விலைதான், அதற்கு மேல் முன்பணமும் உண்டு.

சிறியதாக இருப்பதே தனிச் செலவு. மூன்று விமானங்களில் ஒன்று பழுதானால் அன்றைய சேவையில் மூன்றில் ஒரு பங்கு ரத்து. மாற்று விமானம் இருக்காது. பாதுகாப்பு, பயிற்சி, பராமரிப்பு ஒவ்வொன்றுக்கும் தகுதியுள்ள பொறுப்பதிகாரியை வைத்தே தீர வேண்டும் என்பது விதி. விமானம் மூன்றானாலும் முந்நூறானாலும் அந்தச் சம்பளம் குறையாது. பயிற்சி கொடுத்துத் தேற்றிய பைலட்டைப் பெரிய நிறுவனம் கூடுதல் சம்பளத்தில் அழைத்துக்கொள்கிறது. காலை நேரத்தில் டெல்லியிலோ மும்பையிலோ இறங்க ஸ்லாட் (நேர ஒதுக்கீடு) கிடைப்பதும் கடினம்.

இந்த நோய்க்கு அரசு கொடுத்த மருந்து, சிறு ஊர்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டம். 2017 ஏப்ரலில் சிம்லா–டெல்லி விமானத்தோடு தொடங்கியது. ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சுமார் 2,500 ரூபாய் என்று பாதி இருக்கைகளுக்குக் கட்டணத்தைக் கட்டுப்படுத்தி, அதனால் வரும் இழப்பை மூன்று ஆண்டுகளுக்கு ஈடுகட்டும் திட்டம். நல்ல நோக்கம். 2023இல் வெளியான தலைமைத் தணிக்கையாளரின் (சி.ஏ.ஜி.) அறிக்கை அதன் பலனைக் கணக்கிட்டது: ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403 தொடங்கவே இல்லை, தொடங்கிய 371இல் மூன்று ஆண்டுகளை முடித்தவை 112, அதற்குப் பிறகும் ஓடியவை 54. சேலத்துக்கு 2018இல் வந்த ட்ரூஜெட் சேவை 2021இல் நின்றது. மானியம் டிக்கெட்டைத் தாங்கியது, நிறுவனத்தைத் தாங்கவில்லை. மூன்று ஆண்டு முடிந்த பிறகும் டாலர் வாடகை அப்படியே இருந்தது, உதிரிபாகச் செலவும் அப்படியே.

பயணிகள் இல்லாத ஊருக்கு விமானம் எதற்கு என்று கேட்பார்கள். சில தடங்களுக்கு அந்தக் கேள்வி முற்றிலும் பொருந்தும். அவற்றை அறிவித்ததே தவறு. ஆனால் சேலத்துக்கு 2023 அக்டோபரில் விமானங்கள் திரும்ப வந்தபோது அவற்றை இயக்க வந்தவை இண்டிகோவும் அரசின் அலையன்ஸ் ஏரும். ஊர் அதேதான், தாங்கும் பலமுள்ள நிறுவனங்கள் வந்தன, அவ்வளவுதான். பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தச் சொல்கிறீர்களா என்றும் கேட்கலாம். கூடவே கூடாது. விதி அப்படியே இருக்கட்டும். அதற்கான செலவைப் பல சிறு நிறுவனங்கள் பங்கிட்டுக்கொள்ள வழி வேண்டும். ஏ.டி.ஆர். போன்ற ஒரே வகை விமானம் ஓட்டுபவர்களுக்குப் பொதுவான உதிரிபாகக் கிடங்கும் பயிற்சி வசதியும் அமையலாம். வசதியுள்ளவர்கள் பறக்க மக்கள் பணமா என்பது இன்னொரு ஆட்சேபம். உடான் மானியத்தின் பெரும்பகுதி முக்கியத் தடங்களில் பறக்கும் விமானங்கள் மீதான தீர்வையிலிருந்து வருகிறது. மக்கள் பணம் கரைவது, கட்டி முடித்தும் விமானம் வராத நிலையங்களில்தான்.

2025இல் நிறைவேறிய சட்டம், வாடகை பாக்கி வைத்தால் விமானத்தைத் திரும்ப எடுக்கும் உரிமையைக் குத்தகைக்குக் கொடுத்தவர்களுக்கு வலுப்படுத்தியிருக்கிறது. இதனால் வாடகை குறையலாம், நல்லதே. ஆனால் டாலர் ஏறும் ஒரு மாதத்தில் சிறு நிறுவனம் முன்பைவிட விரைவாக விமானங்களை இழக்கும். உள்நாட்டிலேயே ரூபாயில் குத்தகை கிடைக்க அரசு வங்கிகள் வழிசெய்யாமல் இதற்குத் தீர்வில்லை. உங்கள் ஊருக்கு விமான நிலையம் வருகிறது என்று தேர்தல் நேரத்தில் யாராவது சொன்னால், ஓடுதளத்தின் நீளத்தைக் கேட்காதீர்கள். எந்த நிறுவனம் வரும், நான்காவது ஆண்டு அதன் வாடகையை எதிலிருந்து கட்டும் என்று கேளுங்கள்.