கறுப்பு வெள்ளைக் கட்டைகள் - 17: தாத்தா இருந்த இடத்தில் பேரன்

1963 டிசம்பரில் ஆண்ட்ரூ ஹில் என்ற பியானோ கலைஞர் ப்ளூ நோட் நிறுவனத்துக்காக ‘ஸ்மோக் ஸ்டாக்’ ஆல்பத்தைப் பதிவு செய்தார். ஒரு பியானோ, இரண்டு டபுள் பாஸ், ஒரு டிரம்ஸ். டிரம்ஸில் இருந்தவர் சார்லி பார்க்கரோடு வாசித்த ராய் ஹெய்ன்ஸ்.

2009இல் விஜய் ஐயர் தன் மூவர் குழுவோடு ‘ஹிஸ்டாரிசிட்டி’ ஆல்பத்தைக் கொண்டுவந்தார். ‘ஸ்மோக் ஸ்டாக்’ உருப்படி அதிலும் உண்டு. பாஸ் ஸ்டீஃபன் கிரம்ப், டிரம்ஸ் மார்கஸ் கில்மோர். கில்மோர், ராய் ஹெய்ன்ஸின் பேரன். எத்தனையோ முறை கேட்ட பிறகும் இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

போன வாரம் பில் எவன்ஸின் 1959 ஆல்பத்தைப் பார்த்தோம். பிராட்வே நாடகங்களிலும் சினிமாவிலும் பிறந்து, எல்லோருக்கும் பழகிப்போன மெட்டுகளைத்தான் ஜாஸ் உலகம் ‘ஸ்டாண்டர்ட்’ என்கிறது. அவற்றோடு சொந்த உருப்படிகளையும் கலந்து தருவது எவன்ஸ் உள்ளிட்ட பலரின் வழக்கம். விஜய் ஐயரும் கலக்கிறார். பத்தில் நான்கு அவர் எழுதியவை. மற்ற ஆறில் பிராட்வேயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்று, ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யின் ‘சம்வேர்’. பெர்ன்ஸ்டைன் கனிவாக அமைத்த அந்த மெட்டு இங்கே கால் ஊன்ற இடமில்லாமல் தவிக்கிறது. மற்றவை ஆண்ட்ரூ ஹில், ஸ்டீவி வொண்டர், ஜூலியஸ் ஹெம்ப்ஹில், ரானி ஃபாஸ்டர், மாயா அருள்பிரகாசம் ஆகியோருடையவை. என் மூதாதையர் யார் என்பதை நானே சொல்கிறேன் என்று அவர் அறிவிப்பதாகவே இந்தப் பட்டியலைப் படிக்கிறேன்.

விஜய் ஐயர் 1971இல் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனியில், தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். மூன்று வயதில் வயலின் பிடித்தார். பியானோவைப் பெரும்பாலும் தானாகவே கற்றுக்கொண்டார். கல்லூரியில் படித்தது இயற்பியல். 1998இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்றார். இசையை உணர்வதில் உடலுக்கு என்ன பங்கு என்பதுதான் ஆய்வு. மாயா லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போரால் மறுபடி லண்டன் போனவர். அவருடைய ‘கலாங்’ எந்திரத் தாளத்தில் ஓடும் பாட்டு. அதைப் பியானோவும் பாஸும் டிரம்ஸும் கைவலிக்க வாசிக்கின்றன. கடல்கள் பிரித்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் ஒரு அமெரிக்க ஜாஸ் ஆல்பத்தில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

ஹெம்ப்ஹில்லின் ‘டோகான் ஏ.டி.’ 1972இல் பதிவானது. சாக்ஸஃபோன், டிரம்பெட், செல்லோ, டிரம்ஸ் என்று நால்வர் வாசித்தது, பியானோவே கிடையாது. தாளம் 11 எண்ணிக்கையில் சுழலும். கச்சேரி கேட்டுப் பழகியவர்கள் இரண்டு சதுஸ்ரம், ஒரு திஸ்ரம் என்று தொடையில் தட்டிப் பாருங்கள், பிடிபட்டுவிடும். இப்படியொரு கனமான உருப்படியை மூன்று பேர் தூக்கிச் சுமப்பதைக் கேட்டால், பாஸ் வாசிக்கும் கிரம்ப்பின் தோள் வலியை நாமும் உணர்வோம்.

மறுபடி ‘ஸ்மோக் ஸ்டாக்’. முதலில் 1963 பதிவைக் கேளுங்கள். ஹெய்ன்ஸின் ஸ்னேர் டிரம் காய்ந்த சுள்ளி ஒடிவதுபோல் படபடக்கும். தாளத்தை நேராகச் சொல்லாமல் சுற்றிச் சுற்றிப் பேசுவார். பிறகு கில்மோரைக் கேளுங்கள். தாத்தாவின் அடியை அவர் நகலெடுக்கவில்லை. இரண்டு பாஸுக்குப் பதில் ஒன்றுதான் இருப்பதால் கிடைத்த இடைவெளியில் இறங்கி, ஹில்லின் கோணல் மெட்டோடு தனியாக ஒரு வாக்குவாதம் நடத்துகிறார். ராய் ஹெய்ன்ஸ் 2024 நவம்பரில் 99 வயதில் மறைந்தார். பேரன் இதை வாசித்த காலத்தில் தாத்தாவும் மேடையேறிக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த வாரம் ஆண்ட்ரூ ஹில்லின் பியானோவுக்கே போவோம்.