நகை போட்டது யாரு?

‘மெட்டி ஒலி’ தொடரை மறந்த பெண்கள் நம்மில் யாராவது உண்டா தோழிகளே? 2002-ல் சன் டி.வி.யில் தொடங்கி 2005 வரை ஓடிய தொடர். தாயில்லாத ஐந்து பெண்களைக் கரையேற்றப் பாடுபடும் சிதம்பரமாக டெல்லி குமார் வாழ்ந்தே காட்டினார். தனம், சரோ, லீலா, விஜி, பவானி எல்லோருமே நம் வீட்டுப் பெண்களாகிவிட்டார்கள். விஜியாக நடித்த உமா மகேஸ்வரி 2021-ல் காலமானபோது, சொந்தக்காரப் பெண் போனதுபோல எங்கள் தெருவில் வருத்தப்பட்டோம்.

எங்கள் ஊர் வீரவநல்லூர். தொடர் ஆரம்பித்த நேரம் மழை பொய்த்த நேரம். கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் கார் நடவு. நடவு இருந்தால்தான் வயல் வேலை. அப்பா டீக்கடையில் பேப்பரை வாங்கினால் பாபநாசம் அணை நீர்மட்டத்தைத்தான் முதலில் பார்ப்பார். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது பீடியால்தான்.

ராத்திரி டி.வி. இருந்த வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். ஆளுக்கொரு சுளவு மடியில். அதில் வெட்டிய இலை, தூள், நூல். கண் டி.வி.யில், கை பீடியில். விளம்பரம் வந்தால் கட்டுப் போடுவோம். மாணிக்கம் தன் தாய் பேச்சைக் கேட்டு சரோவைப் பாடாய்ப்படுத்தும்போது, ‘நாசமாப் போவான்’ என்று திட்டாத வாய் இல்லை. அழுதுகொண்டே சுற்றினாலும் மறுநாள் கடையில் எண்ணிக்கை குறையக் கூடாது. இலை போதாவிட்டால் கைக்காசு போட்டு வாங்கி ஈடுகட்ட வேண்டும். சரியில்லை என்று கழித்த பீடிக்குக் கூலி கிடையாது.

2020 ஊரடங்கில் அதே தொடரைத் திரும்பப் போட்டார்கள். இந்த முறை என் மகளும் கூட உட்கார்ந்தாள். சிதம்பரம் கல்யாணச் செலவுக்குத் தவிப்பதைப் பார்த்துவிட்டு, “தாத்தாவும் இப்படித்தான் ஒனக்கு நகை போட்டாங்களாம்மா?” என்று கேட்டாள்.

“நானும் அம்மாச்சியும் பெரியம்மாவும் சுத்துன பீடிம்மா அது” என்றேன். மூன்று பேர் சுற்றினோம். கார்டு மட்டும் அம்மா பெயரில். 2004-ல் என் கல்யாணத்துக்கு அம்மாவின் பி.எஃப். பணத்தை எடுத்துத்தான் நாலு பவுன் வாங்கினோம். “அப்புறம் ஏன் எல்லாரும் தாத்தா போட்டதுன்னு சொல்லுதாங்க?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. அவர் வெயிலில் காய்ந்தது எனக்குத் தெரியும். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் பேசும்போது ‘அப்பன் நாலு பவுன் போட்டான்’ என்றுதான் சொன்னார்கள். அம்மாவின் இடுப்பு வலியும் எங்கள் விரல் காய்ப்பும் அந்தக் கணக்கில் வரவேயில்லை. சிதம்பரத்துக்காக அத்தனை கண்ணீர் விட்ட நாங்கள், மடியில் சுளவோடு பக்கத்தில் இருந்த பெண்ணுக்காக ஒரு சொட்டு விட்டோமா?

பீடித் தொழிலாளிகளுக்கென்று 1966-ல் தனிச் சட்டம் வந்தது. 1976-ல் நல நிதிச் சட்டம் வந்தது. அந்த நிதியிலிருந்து கிடைத்த படிப்பு உதவித்தொகையில்தான் என் சித்தி மகள் படித்து நர்ஸ் ஆனாள். சித்தி பெயரில் கார்டு இருந்ததால் கிடைத்தது. கார்டு இல்லாமல் அடுத்தவர் கணக்கில் சுற்றியவர்களுக்கு, வருஷக்கணக்காகச் சுற்றியும் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

எனவே தோழிகளே, பீடியோ, தையலோ, பூக்கட்டோ, நாம் உழைத்த காசு நம் பெயரில் இருக்கட்டும். பாஸ்புக்கை நாமே வாங்கி வைப்போம். நாம் பட்ட கஷ்டத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, யார் உழைப்பில் எது வந்தது என்பதையும் சேர்த்தே சொல்வோம். என் அம்மா உயிரோடு இருக்கும்போதே, அந்த நாலு பவுனும் அவள் போட்டது என்று சொந்தக்காரர் கூடிய இடத்தில் சொல்லிவிட்டேன். “எதுக்குட்டீ இதெல்லாம்?” என்றாள் அம்மா. ஆனால் அன்று முழுக்க முகம் மலர்ந்தே இருந்தது.

— ஒரு வாசகி, வீரவநல்லூர்