ரயில் போன பாதையில் ஒரு சைக்கிள் பயணம்

கடந்த விடுமுறையில் இத்தாலியில் தொழில் பார்க்கும் தம்பியிடம் போயிருந்தேன். ஒருநாள் கடற்கரையோரமாகச் சைக்கிள் ஓட அழைத்தான். மலை அப்படியே கடலுக்குள் இறங்கும் லிகூரியா பகுதி அது. நாற்பதைத் தாண்டிய என் முழங்கால்களை நினைத்து, "ஏற்றம் இருக்குமா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"இல்ல காக்கா, இது ரயில் போன பாதை" என்றான்.

அந்தப் பதிலிலேயே விளக்கம் இருந்தது. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. ஏற்றம் கூடினால் வழுக்கும். அதனால்தான் ரயில் பாதை போடுபவர்கள் மேட்டைக் குடைவார்கள், பள்ளத்தை நிரப்புவார்கள், வளைவுகளை அகலமாக எடுப்பார்கள். ரயிலுக்காகப் பட்ட அந்தப் பாடு இன்று சைக்கிளுக்கு உதவுகிறது. ஜெனோவாவையும் வென்டிமிலியாவையும் இணைத்த இந்தக் கரையோரப் பாதை 1872இல் திறக்கப்பட்டது. அதில் சான் லொரென்சோவிலிருந்து ஒஸ்பெதலெத்தி வரை ஒற்றைத் தண்டவாளம்தான். 2001இல் மலைப்பக்கமாக இரட்டைப் பாதை அமைத்து ரயிலை அங்கே மாற்றினார்கள். கைவிடப்பட்ட பழைய பாதையே இன்றைய 24 கிலோமீற்றர் சைக்கிள் பாதை.

சான்ரெமோவைத் தாண்டியதும் ஒன்றரைக் கிலோமீற்றருக்கும் நீண்ட சுரங்கம். வெயிலில் வந்த உடம்புக்கு அந்தக் குளிர்ச்சி சுகமாக இருந்தது. 1907இல் தொடங்கிய மிலான்–சான்ரெமோ சைக்கிள் போட்டியின் வரலாற்றை உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆசிரியர் புத்தி, இறங்கி இறங்கி வாசித்தேன். தம்பிக்குப் பொறுமை போய்விட்டது.

ஆனால் என் கண் அதிகம் போனது சின்னப் பிள்ளைகள் மீதுதான். மோட்டார் வாகனம் வராத பாதை என்பதால் பெற்றோர் பின்னால் ஆறுதலாக வருகிறார்கள். இங்கே நான் காலையில் பாடசாலை வாசலில் நிற்கும்போது, பஸ்ஸுக்கும் மதிலுக்கும் இடையில் நெளிந்து வரும் மாணவர்களைப் பார்த்து நெஞ்சு பதறும்.

பழைய ரயில் பாதையின் பெறுமதி, அது அறுபடாத ஒரே நிலத்துண்டாக இருப்பதில்தான். நடுவில் ஒரு பேர்ச் கைமாறினாலும் தொடர்ச்சி போய்விடும். எங்கள் நாட்டிலும் நானுஓயா–ராகலைப் பாதை, அவிசாவளைக்கு அப்பால் ஓபநாயக்க வரை ஓடிய பாதை எல்லாம் மூடப்பட்டவைதான். அவற்றை நம்பிக் குடியிருப்பவர்களை எழுப்பச் சொல்ல எனக்கு மனமில்லை. எஞ்சியதையாவது துண்டு போடாமல் வைக்கலாம்.

எங்கள் ஊருக்கு ரயிலே இல்லை. அது மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. ஆனால் வாய்க்கால் கட்டுகள் இருக்கின்றன. பாடசாலைக்குப் பின்னால் போகும் கட்டைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க முடியுமா என்று பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.