போட்டோவில் பெரிய கோயில் சாய்வது ஏன்?

தஞ்சை பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி உயரம். ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்தது. அது முழுசா ஃபிரேமுக்குள் வரணும்னு 0.5 எக்ஸ் வைத்து, போனை அண்ணாந்து பிடிக்கிறோம். படத்தில் விமானம் பின்னால் சாய்கிறது.

இது லென்ஸ் கோளாறு இல்லைங்க. போன் சாய்ந்ததால் வந்த பெர்ஸ்பெக்டிவ். தள்ளிப்போய், போனைச் செங்குத்தாகப் பிடித்தால் சரியாகிடும். ஓரத்தில் நேரான மதில் வில்லாக வளைந்தால்தான் அது லென்ஸின் வேலை: பேரல் டிஸ்டார்ஷன்.

சரி, வயலுக்கு வருவோம். நெற்கதிரை 0.5 எக்ஸில் எடுத்தால் பின்னணி பிளர் ஆகாது. அந்த லென்ஸின் குவியத் தூரம் சுமார் 2 மி.மீ. மட்டுமே; பக்கமும் தூரமும் ஏறக்குறைய ஒரே தெளிவில் விழும். போர்ட்ரெய்ட் மோடு, மென்பொருள் கணித்துப் போடும் பிளர். மெல்லிய கதிர் நுனியையும் சேர்த்தே சில நேரம் அழித்துவிடும். மெயின் கேமராவுக்கு மாறி, கதிருக்குப் பக்கத்தில் போங்க. நிஜ பிளர் தானா வரும்.